அண்ணாந்து பார்த்தவர் குற்றவாளிகளா?

யுத்தகால நினைவுகளை எழுதியோரைப் பாராட்டியே பழகிவிட்டோம். துன்பத்தைச் சொல்லும் நூலை ஆராய்வது இரக்கமின்மை என்று எண்ணுகிறோம். அவ்வெண்ணம் நூலுக்கும் நன்மை செய்யாது, நமக்கும் நன்மை செய்யாது. துன்பம் வந்தது என்பதோடு நில்லாமல், யாரால் வந்தது, ஏன் தடுக்கப்படவில்லை என்றும் விளக்கும் நூலே ஜனங்களுக்குப் பயன்படும்.

1941 டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய ஆகாய விமானங்கள் பினாங்கு ஜார்ஜ் டவுன்மீது வந்தபோது, ஜனங்கள் ஓடி ஒளியவில்லை. வீதிகளில் திரண்டு அண்ணாந்து பார்த்தனர். அக்கூட்டத்தின்மீதே குண்டுகள் வீழ்ந்தன. அம்மாதம் 23-ஆம் நாள் ரங்கூனிலும் அவ்வாறே நிகழ்ந்தது. இக்காட்சியைச் சொல்லுகிறவர்களிற் பலர் ஒன்று ‘பாமரரின் அறியாமை’ என்பர். அன்றேல் ‘தலைவிதி’ என்பர்.

இரண்டும் பொருந்தா. பினாங்கில் விமானங்களைச் சுடும் பீரங்கி ஒன்றேனும் இருக்கவில்லை. சிங்கப்பூர் அசைக்கவொண்ணாத கோட்டை என்று ஆண்டுக்கணக்காகப் பறைசாற்றிய சர்க்கார், வானிலிருந்து சாவு வரும் என்பதை ஜனங்கள் மனத்திற் பதியச் செய்யவில்லை. சொன்னதை நம்பியவன் மூடனென்றால், நம்பச் சொன்னவனுக்கு என்ன பெயர்? விதி என்று சொல்லும்போதே, பொறுப்பாளியை நாம் விசாரணையின்றி விடுதலை செய்துவிடுகிறோம்.

இவ்வகையில் மதிக்கத்தக்க நூல், இலங்கைத் தமிழரான மா. சரவணமுத்து 1970-இல் வெளியிட்ட ‘தி சாரா சாகா’ என்னும் ஆங்கிலச் சுயசரிதம். ‘ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியராயிருந்த அவர், கண்டதை எழுதியவர் மட்டுமல்லர், செயலாற்றியவருமாவார். டிசம்பர் 16-ஆம் நாளிரவு வெள்ளையர் ஓசையின்றித் தீவைவிட்டு அகன்றபின், கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றியவர் அவரே. 19-ஆம் நாள் ஜப்பானியர் நுழையும்வரை நகரைக் காத்த சேவைக் குழுவுக்கும் அவரே தலைவர். பினாங்குவாசிகளிற் பெரும்பாலோர் அகற்றப்பட்டனர் என்று டஃப் கூப்பர் வானொலியில் அறிவித்தார். அகற்றப்பட்டவர் வெள்ளையரே. சீனர், மலாய்க்காரர், தமிழர் அவர் கணக்கில் ‘வாசிகள்’ அல்லர் போலும்! நிறவேற்றுமை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. ஆயினும் அந்நூல் ஒரு தலைவரின் சரிதம். துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழனின் கண்ணால் எழுதப்பட்டதன்று. அவன் படிக்கக்கூடிய பாஷையிலும் இல்லை.

தமிழில் நமக்கு வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ உண்டு. ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகையை நடத்திய அவர், 1942-இல் நடந்தே இந்தியா சேர்ந்தவர். தம்மைப் பெரிதாக்கிக் கொள்ளாத எளிய நடை அந்நூலின் சிறப்பு. எனினும் அவ்வழியில் நடந்த லட்சக்கணக்கானோரிற் பெரும்பாலோர் கூலி வேலை செய்த எளியோர். அவர்கள் புத்தகம் எழுதவில்லை.

நம் குறை இங்கேதான். எழுத்தறிந்தவன் தான் தப்பிய கதையை எழுதினான். எழுத்தறியாதவனை வேடிக்கை பார்த்த கூட்டமாக மட்டுமே காட்டினான். தோட்டப்புறத்திலோ சயாம் மரண ரயில்பாதையின் பெருந்துயரம் மற்ற நினைவுகளையெல்லாம் மூடிவிட்டது. புக்கிட் பெலண்டோக் போன்ற இடங்களில், தாத்தாவும் பாட்டியும் சொல்லிச் சென்ற குண்டுவீச்சுக் கதைகள் இன்று பேரர் வாயில் ஒன்றிரண்டு வாக்கியங்களாகச் சுருங்கிவிட்டன. அவையும் ‘எல்லாம் தலையெழுத்து’ என்றே முடிகின்றன.

இளைஞர்கள் அவ்வாக்கியங்களைக் கேட்டு எழுதட்டும். எழுதும்போது, அண்ணாந்து பார்த்தவன் ஏன் அண்ணாந்து பார்த்தான் என்று கேட்கட்டும். அக்கேள்வியைக் கேளாத நூல் எவ்வளவு கண்ணீர் வரவழைத்தாலும், மாண்டவர்மீதே பழி சுமத்துவதாகும்.