உறிஞ்சித் துப்பும் ஹீரோ

நம்ம சினிமாவில் கதாநாயகியைப் பாம்பு கடித்தால் என்ன நடக்கும்? ஹீரோ கர்ச்சீப்பை இறுக்கிக் கட்டுவார். கத்தியால் கீறுவார். வாயால் உறிஞ்சி, 'தூ' என்று துப்புவார். அம்மணி கண் விழிப்பார். அடுத்தது டூயட்!

நாமும் கை தட்டிவிட்டு வந்துவிடுகிறோம். ஆனால், அவர் செய்த மூன்றுமே தப்பு ஸார்! இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கை, கால் அழுகலாம். கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. அங்கே கத்தியை வைத்தால் கேட்கவே வேண்டாம். உறிஞ்சுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. போவது நேரம்தான்.

மூலக்கொத்தளத்தில் ஒருவரைப் பாம்பு கடித்தால், ஆட்டோ பிடித்துச் சில நிமிஷங்களில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். வயல்காட்டில் ராத்திரி ரெண்டு மணிக்குக் கடிபட்ட கூலிக்காரர் எங்கே போவார்? 2000-லிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிக்குப் பலியானவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்கிறது 2020-ல் வெளியான ஓர் ஆய்வு. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள்.

மருந்தே இல்லையா? இருக்கிறது. மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலு பாம்புகளின் விஷத்தை எடுத்து மருந்து கம்பெனிகளுக்குக் கொடுப்பவர்கள் அவர்கள்தான். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து தயாராவதுதான் விஷமுறிவு ஊசி. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் அது இலவசம்.

பிறகு எங்கே சிக்கல்? ஊசி போட்டால் சிலருக்குக் கடுமையான அலர்ஜி வரலாம். அந்தப் பயத்தில், சின்ன ஆஸ்பத்திரிகளில் முதல் டோஸ்கூடப் போடாமல் 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவது உண்டு. பயம் நியாயமானதுதான். ஆனால், அந்த அலர்ஜிக்கும் அட்ரினலின் ஊசி இருக்கிறதே! அதையும் அதற்கான பயிற்சியையும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குக் கொடுத்துவிட்டால், பாதி வழியில் போகிற உயிர்கள் பிழைக்கும்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தகவல் தரவேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நல்ல காரியம். எந்த ஊரில் எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்று தெரிந்தால்தானே, எங்கே எவ்வளவு மருந்து வேண்டும் என்று தெரியும்?

டைரக்டர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த படத்தில் ஹீரோ உறிஞ்ச வேண்டாம். கடிபட்ட காலை ஆட்டாமல் வைத்து, 108-ஐக் கூப்பிடட்டும். ஊசி போடுகிற அந்தக் கிராமத்து டாக்டருக்கு நாம் கை தட்டுவோம்.