பெருக்குவதா, வகுப்பதா?

தமிழ்நாட்டின் ஆரணியில் பட்டு எடை போட்டுத்தான் கைமாறுகிறது. பாவுக்கும் ஊடைக்கும் இவ்வளவு பட்டு, இவ்வளவு சரிகை என்று நிறுத்துக் கொடுப்பார்கள். நெய்து வந்த சேலையும் தராசில் ஏறும். குறைந்தால் பேச்சு நெசவாளரின் கூலியில் வந்து நிற்கும். இப்படிப்பட்ட இடத்தில் கால்குலேட்டரை நம்புவதை நான் குறையாகவே நினைக்கவில்லை.

பட்டு நூலின் பருமனை டெனியரில் சொல்கிறார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ, அதுவே அதன் டெனியர். மூன்று சேலைக்கு 20 மீட்டர் பாவு, 4,800 இழை, 42 டெனியர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கி 9,000-ஆல் வகுத்தால் 448 கிராம். டெனியர் ஏறினால் எடையும் ஏறும்.

கிழக்கிலங்கையின் மருதமுனையும் கைத்தறி ஊர்தான். அங்கே சாரன் (லுங்கி) நெய்யும் பருத்தி நூலுக்கு வந்தால் கணக்கு தலைகீழ். 840 யார் (கெஜம்) நீளக் கழிகள் எத்தனை சேர்ந்தால் ஓர் இறாத்தலோ (பவுண்டோ), அதுவே நூலின் நம்பர். 2,400 இழையில் 70 யார் பாவுக்கு 200 கழி வேண்டும். 40-ஆம் நம்பர் நூலானால் 5 இறாத்தல். நம்பர் ஏற ஏற நூல் மெலியும், எடை இறங்கும். வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கிவிட்டால் 8,000 என்று கருவி காட்டும். ஒரு பாவுக்கு 8,000 இறாத்தலா என்று திடுக்கிட வேண்டியவர் தறிக்காரர்தான்.

அந்தத் திடுக்கிடல் பள்ளிக்கூடம் தந்தது. தமிழ்நாட்டில் ஏழாம் வகுப்பிலேயே நேர் விகிதமும் எதிர் விகிதமும் ஒரே பாடத்தில் வருகின்றன. இலங்கையில் நேர் விகிதசமன் தரம் 9-இல், நேர்மாறு விகிதசமன் தரம் 10-இல். தமிழ்நாட்டு முறையே மேல் என்பேன். இரண்டையும் அருகருகே வைத்தால்தான் பிரித்தறியும் பழக்கம் படியும்.

கருவி விஷயத்தில் இலங்கை ஓரடி முன்னே. தரம் 11 கணித நூல், மடக்கைப் பாடத்தோடு விஞ்ஞானக் கணிப்பானின் வர்க்கமூலச் சாவியையும் அடுக்குச் சாவியையும் கற்றுத்தருகிறது. ஆனால் சாதாரண தரக் கணிதப் பரீட்சையில் அதற்கு அனுமதியில்லை. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், வேதியியல் பொதுத்தேர்வுகளிலும் அப்படியே; மாணவர்கள் இன்னும் மடக்கை அட்டவணையைத்தான் புரட்டுகிறார்கள். பதினேழு வயதில் மறுக்கப்படும் கருவி, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேசைமேல் இருக்கிறது. அதை எப்போது சந்தேகிப்பது என்று சொல்லித்தர ஆளில்லை.

ஆரணிப் பாவையே எடுங்கள். 4,800-ஐ 5,000 ஆக்கினால் மொத்த நீளம் ஒரு லட்சம் மீட்டர். எடை 470 கிராமைத் தாண்டாது என்று மனத்திலேயே பிடித்துவிடலாம். இன்னொன்றும் உண்டு. பட்டு நூலின் இயற்கைப் பசையைப் போக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். 448 கிராம் 336 கிராமுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கொடுத்தது பசையோடு உள்ள எடையா, பசை போன எடையா என்று கேட்காமல் பொத்தானை அழுத்தினால், சரியான விடையே நெசவாளரைக் கடனாளி ஆக்கும்.

தேர்வில் ஒரு பகுதியையாவது கால்குலேட்டரோடு எழுத விட வேண்டும். விடைக்கு முன் உத்தேசத்தை எழுதச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் தர வேண்டும். ஆரணிப் பிள்ளைகளிடம் பாவுக் கணக்கைக் கேளுங்கள். மருதமுனையில் சாரன் நூலின் கணக்கை.