ஒலிப்பதிவும் பேணுகையும்: சில விமர்சனக் குறிப்புகள்

நாட்டார் பாடல்களையும் கூத்துகளையும் இலக்கமுறையில் ஒலிப்பதிவு செய்துவிட்டால் அவை என்றும் அழியாது நிலைபெறும் என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியுள்ளது. பழைய ஒலிநாடாவைக் கணினிக் கோப்பாக மாற்றியவுடனேயே பேணுகைப் பணி முற்றுப்பெற்றதாகக் கொள்ளும் ஆய்வாளர் பலர். உண்மையில் அப்பணி அங்குத்தான் தொடங்குகின்றது.

ஏட்டுச்சுவடி மரபை அறிந்தோர்க்கு இது புதிய செய்தியன்று. பனையோலை நிலையான பொருளன்று; தலைமுறைகள் தோறும் எவரேனும் அமர்ந்து படியெடுத்தமையினாலேயே பழந்தமிழ் நூல்கள் நம்மை வந்தடைந்தன. அத்தொடர்ச்சி தளர்ந்தபோது ஏடுகள் எய்திய நிலையினைச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் வெளியிட்ட கலித்தொகைப் பதிப்புரையில் வருந்தி எழுதினார். கணினிக் கோப்பின் நிலையும் அடிப்படையில் இதுவே. ஏட்டின் ஆயுள் நூற்றாண்டுக் கணக்கில் அமைய, வன்தட்டின் ஆயுள் சில ஆண்டுகளில் முடிகின்றது. அன்றியும், செல்லரித்த ஏடு பாதிச் செய்யுளையாவது தரும். பழுதுற்ற வன்தட்டோ பல நூறு மணிநேரப் பதிவுகளை ஒருங்கே விழுங்கிவிடும். 1987 இல் அறிமுகமான ‘டாட்’ என்னும் இலக்கமுறை ஒலிநாடாவை ஒலிப்பதிவுக்கூடங்கள் பலவும் விரும்பி ஏற்றன. அதற்குரிய கருவிகளின் உற்பத்தியைச் சோனி நிறுவனம் 2005 இல் நிறுத்திக்கொண்டது. நாடா நன்னிலையில் இருப்பினும் அதனை ஒலிக்கச் செய்யும் கருவி இல்லையேல் பயனென்ன?

எவ்வடிவிற் பதிகின்றோம் என்பது இதனினும் நுட்பமான வினா. எம்பி3 முறை, மனிதச் செவிக்குப் புலப்படாதெனக் கணிக்கும் ஒலிக்கூறுகளை நீக்கிக் கோப்பினைச் சுருக்குகின்றது. நீக்கப்பட்டவை மீள்வதில்லை. இம்முறையை உருவாக்கியோருள் முதன்மையானவரான ஜேர்மனியர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க், சுசான் வேகா என்னும் அமெரிக்கப் பாடகி வாத்தியம் ஏதுமின்றிப் பாடிய பாடலொன்றினைத் தம் சோதனைகளுக்குப் பயன்படுத்தியமை பலரும் அறிந்ததே. மத்தளமும் சல்லரியும் அண்ணாவியாரின் குரலும் பிற்பாட்டும் ஒருங்கே முழங்கும் வட்டக்களரியில் எது வேண்டியது, எது மிகை என்பதைப் பிறிதோர் இடத்திற் செம்மைப்படுத்திய அளவுகோல் துணிதல் பொருந்துமா? கேட்டு மகிழ்வதற்கு எம்பி3 போதும் என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயின் தாள நுட்பத்தையும் வட்டார ஒலிப்பையும் அளந்தறியப் புகும் நாளைய ஆய்வாளருக்கு அது போதாது. சுருக்கப்படாத வடிவில், விநாடிக்கு 96,000 மாதிரிகள், மாதிரியொன்றுக்கு 24 பிற் என்னும் அளவு ஆவணகங்களிற் பரவலாகப் பின்பற்றப்படுகின்றது. அவ்வாறு இரு தடங்களில் எடுக்கும் ஒரு மணிநேரப் பதிவு ஏறத்தாழ 2 கிகாபைற் இடத்தைக் கொள்ளும். இவ்வளவு இடத்திற்கு எங்கே போவது என்று முன்னர் கேட்டதில் நியாயம் உண்டு. இன்று அது வெறுஞ் சாட்டேயாகும்.

இனி, பதிவுகள் எங்கு, எவர் வசம் உள்ளன என்பதை நோக்குவோம். ஒல்லாந்தரான ஆர்னல்ட் பாக்கே 1930களில் இலங்கை உட்படத் தென்னாசியாவின் பல பகுதிகளிற் செய்த பதிவுகள் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. செல்வமும் தொழில்நுட்ப வல்லமையும் மிக்க அந்நூலகமே 2023 ஒக்டோபரில் இணையவழித் தாக்குதலுக்கு இலக்காயிற்று. அதன் ஒலித்தொகுப்புகள் பல மாதங்கள் இணையத்திற் கேட்க இயலாதிருந்தன. ஒரே இடத்தில் ஒரே படியினை வைத்திருப்பதன் விளைவினை அயலாரிடம் கற்க வேண்டிய நிலை நமக்கில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் சாம்பராயின.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்து மரபினைப் பல்கலைக்கழக அரங்கிற்குக் கொணர்ந்த காலந்தொட்டு நாட்டார் வழக்காறு நமது ஆய்வுப் பொருளாக மதிக்கப்படுகின்றது. எனினும் நாம் மதித்தது பெரும்பாலும் சொல்லையே. மாணவர் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் சென்று பதிகின்றனர், பாட்டினை எழுத்திற் பெயர்க்கின்றனர், ஆய்வேடு நூலகம் சேர்கின்றது, ஒலி கைவிடப்படுகின்றது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஒப்பாரியில் இழுகும் இசையும் இடையில் விம்மித் தடைப்படும் மூச்சும் எந்தப் பின்னிணைப்பில் இடம்பெறும்? உழைக்கும் மக்களின் குரலை ஆய்வுக்கான மூலப்பொருளாக மட்டும் கொள்ளும் மனப்பாங்கே இதன் அடியில் உள்ளது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் தன்னார்வலரின் உழைப்பால் அச்சு நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் சேர்த்து வருதல் போற்றற்குரியது. ஆயின் பல்கலைக்கழகங்கள் செய்யவேண்டிய பணியைத் தன்னார்வலரின் தோளிற் சுமத்திவிட்டு அவர்களைப் பாராட்டிக்கொண்டிருத்தல் முறையன்று.

களப்பதிவினை அடிப்படையாகக் கொண்ட எந்த ஆய்வேடும் சுருக்கப்படாத ஒலிக்கோப்பின்றி ஏற்கப்படலாகாது. பாடியவர் பெயர், ஊர், பாடிய சந்தர்ப்பம், அவர் வழங்கிய அனுமதி ஆகியன கோப்புடன் இணைந்திருத்தல் வேண்டும். வெவ்வேறு ஊர்களில் மூன்று படிகளேனும் வைக்கப்பட்டு, ஆண்டுதோறும் திறந்து சோதிக்கப்படல் வேண்டும். பிறிதொரு படி பாடியவரின் குடும்பத்திற்கு, அவர்கள் தம் தொலைபேசியிற் கேட்கத்தக்க வடிவில் வழங்கப்படல் வேண்டும். அதற்கு மட்டும் எம்பி3 தாராளமாகப் போதும்.