மெழுகுத்தாளுக்குள் ஒரு மினுக்கம்

பட்டான்செரு தொழிற்பேட்டையில் எட்டு மணி ஷிஃப்ட் என்றால் ஆறரைக்கே கண்ணாடி முன் நின்றாக வேண்டும். மெழுகுத்தாளைப் பிரித்தால், லேசான எண்ணெய்ப் பிசுக்கோடு பிளேடு மினுங்கும். கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். 1904இல் கிங் ஜில்லெட் காப்புரிமை பெற்ற ரேசரின் வழிவந்தது, பெரிதாக மாறவே இல்லை.

எந்த பிளேடு நல்லது? அடுத்தவர் தாடையிடம் யோசனை கேட்டுப் பயனில்லை. டோபாஸ், செவன் ஓ கிளாக் என்று ஐந்தைந்தாக வாங்கி, நம் தோலிடமே கேட்க வேண்டும்.

வெந்நீர், நல்ல நுரை, முப்பது டிகிரி சாய்வு போதும். அழுத்தக் கூடாது, ரேசரின் கனமே வேலை செய்யும். முதலில் முடி வளரும் போக்கிலேயே இழுக்க வேண்டும். அப்போது எழும் அந்த மெல்லிய ‘சரசர’தான் சுகம்! முடியை வெட்டாமல் பிடுங்குகிறதா? பிளேடை மாற்றிவிடுங்கள்.

சலூன்காரரோ இதே பிளேடைத் தாளோடு சேர்த்தே மடக்கி ‘டக்’கென்று ஒடிப்பார்: ஒரு பிளேடு, இரண்டு முகங்கள்.