கம்பி மறையும் இடம்

மிருகக்காட்சிசாலையில் படம் எடுப்பவர்களுக்குத் தெரிந்த உத்தி ஒன்று உண்டு. லென்ஸைக் கம்பிவலையோடு ஒட்டினாற்போல வைத்து, துவாரத்தை அகலத் திறந்து, மிருகம் வலையைவிட்டு விலகிப் பின்னால் போகும்வரை காத்திருக்க வேண்டும். படத்தில் வலை கரைந்துவிடும். புலி காட்டில் நிற்கும். சின்ன உத்திதான். ஆனால் பத்திரிகைகளும் காலண்டர்களும் நமக்குத் தந்துகொண்டிருக்கும் 'வன அழகு' பெருமளவுக்கு இதற்குள் அடங்கிவிடுகிறது. வலையை அழிப்பது மிருகத்தை விடுவிப்பதாகாது. வலைக்கு இப்பால் நிற்கும் நம்மை அழித்துக்கொள்வதுதான் அது.

காரி வினோகிராண்ட் இதைச் செய்யவில்லை. 1960களில், தன் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போன நியூயார்க் மிருகக்காட்சிசாலையில் அவர் எடுக்கத் தொடங்கிய படங்கள் 1969இல் 'தி அனிமல்ஸ்' என்று புத்தகமாயின. கம்பி, கூட்டம், மிருகம் மூன்றும் ஒரே சட்டகத்துள் இருக்கின்றன. ஒரு படத்தில் ஒரு பக்கமிருந்து மனிதக் கை நீள்கிறது, எதிர்ப்பக்கமிருந்து யானையின் தும்பிக்கை. உடல்கள் இரண்டும் சட்டகத்துக்கு வெளியே. கொடுப்பதும் வாங்குவதும் மட்டுமே மிஞ்சிய உறவு. நேர்மையான படம். ஆனால் புத்தகம் முழுவதற்கும் இதைச் சொல்ல முடியவில்லை. மனிதனும் மிருகமும் ஒன்றுபோலத் தெரிகிறார்கள் என்கிற வேடிக்கை திரும்பத் திரும்ப வருகையில், மிருகம் நம்மைப் பற்றிய ஒரு நகைச்சுவையாகச் சுருங்கிவிடுகிறது.

ஜான் பெர்ஜர் 1977இல் எழுதிய கட்டுரையில், இந்த இடத்தில் மனிதனும் மிருகமும் சந்திக்கவே முடியாது என்கிறார். பெரும்பாலும் சரி. ஆனால் 1933 டிசம்பரில் ஹோபார்ட் நகரத்தில் டேவிட் ஃப்ளே டாஸ்மேனியப் புலியைப் படம்பிடிக்கக் கூண்டுக்குள்ளேயே போனார். அது அவரைப் பின்புறத்தில் கடித்தது. எஞ்சியிருப்பது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் மௌனத் துண்டு. மிருகம் நடக்கிறது, படுக்கிறது, அகலமாகக் கொட்டாவி விடுகிறது. பின்னால் வலை தெரிகிறது. 1888 முதல் 1909 வரை அரசாங்கமே சன்மானம் கொடுத்து இரண்டாயிரத்துக்கும் மேல் கொல்லவைத்த இனம் இது. பாதுகாப்புச் சட்டம் 1936 ஜூலையில் வந்தது. செப்டம்பர் 7ஆம் தேதி, அறியப்பட்டவற்றுள் கடைசி மிருகம் அதே மிருகக்காட்சிசாலையில் செத்தது. அந்த வலை மட்டும் படத்தில் கரைந்திருந்தால், இன்று நமக்குக் கிடைத்திருப்பது ஒரு இனிய பொய்.

இதை நம்மவர்களுக்காகவே சொல்கிறேன். நம் புதுக்கவிதையில் கூண்டுப்புலி வந்தால் அது அநேகமாகக் கவிஞர்தான். அவருடைய ஆபீஸ், அவருடைய தனிமை, அவருடைய வெறுமை. கம்பிகளை நாமும் கரைத்துவிடுகிறோம், புலியை நம்முடைய காட்டில் நிறுத்துவதற்காக. புலிக்கு அங்கே இடமில்லை. ஃப்ளேயைக் கடித்த மிருகம் எதற்கும் குறியீடாக இருக்கவில்லை. அப்படி ஒரு கடியாவது விழுந்திருக்கிற கவிதையை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.