ஐம்பதுக்குப் பிறகு அவள் எங்கே?

கருவள விகிதத்தை மக்கள்தொகை ஆய்வாளர்கள் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களை வைத்தே கணக்கிடுகிறார்கள். ஐம்பதைத் தொட்டவள் அந்த அட்டவணையில் இல்லை. சீனாவில் ஆலைத் தொழிலாளிப் பெண்ணின் ஓய்வு வயதும் நெடுங்காலம் ஐம்பதாகவே இருந்தது. இரண்டு கணக்கிலிருந்தும் அவள் வெளியேறும் வயதில்தான் பேரக்குழந்தை அவள் மடிக்கு வருகிறது. அந்நாட்டின் பிள்ளைப்பேற்றுக் கொள்கையை நான் இந்தப் பாட்டியின் பக்கம் நின்றே வாசிக்கிறேன்.

1965இல் பிறந்த நகரத்துப் பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவள் தாயான காலத்தில் ஒரு குழந்தைக்கு மேல் பெற்றால் தண்டனை. 2016இல் அவள் மகளுக்கு இரண்டு குழந்தைகள் பெற அனுமதி, 2021இல் மூன்று. பிள்ளைகளை வளர்ப்பது யார்? 1990களில் அரசு ஆலைகள் சீரமைக்கப்பட்டபோது அவற்றோடு இயங்கிய குழந்தைக் காப்பகங்கள் பலவும் மூடப்பட்டன. 2025க்குள் ஆயிரம் பேர் கொண்ட மக்கள்தொகைக்கு 4.5 காப்பக இடங்கள் என்பதே ஐந்தாண்டுத் திட்டத்தின் இலக்கு. மிச்சத்தைச் சுமப்பவள் பாட்டி. பேரப்பிள்ளைகளுக்காகச் சொந்த ஊரை விட்டு வேற்று நகரம் போய் வாழும் முதியவர்களை அங்கே ‘லாவ் பியாவ்’ என்கிறார்கள். முதுமையில் மிதந்து அலைபவர்கள் என்று பொருள். பெண்ணுக்கு 50, ஆணுக்கு 60 என்று ஓய்வு வயது இருந்ததால், வேலையை முதலில் விடுபவள் பாட்டியே.

2025 ஜனவரி முதல் ஓய்வு வயது உயர்கிறது. 15 ஆண்டுகளில் படிப்படியாக ஆலைப் பெண்களுக்கு 55 ஆகவும், அலுவலகப் பதவிகளில் உள்ள பெண்களுக்கு 55லிருந்து 58 ஆகவும், ஆண்களுக்கு 63 ஆகவும் மாறும். பெண்ணைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பும் விதி தளர்வதை நான் வரவேற்கிறேன். அது அவள் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டிய விதி. ஆனால் காப்பகங்களைப் பெருக்காமல் வயதை மட்டும் உயர்த்தினால் அவள் முன் இரண்டு வழிகளே மிஞ்சும்: முன்கூட்டியே விலகிக் குறைந்த ஓய்வூதியத்தோடு வாழ்வது, அல்லது பகலில் ஆலை, இரவில் தொட்டில் என்று இரண்டையும் இழுப்பது.

பெண்ணுடல் மீதான அரசின் அதிகாரத்தைப் பேசும்போது நாம் கருப்பையோடு நின்றுவிடுகிறோம். இளமையில் அவள் கருப்பையைக் கட்டுப்படுத்திய அரசு, முதுமையில் அவள் கைகளைக் கூலியின்றி எடுத்துக்கொள்கிறது. குழந்தை வளர்த்த ஆண்டுகளும் ஓய்வூதியக் கணக்கில் சேர வேண்டும். அதைக் கேட்காத பெண்ணியம் தாயோடு முடிந்துபோகும், பாட்டியை எட்டாது.