அடைக்கலமும் சம ஆசனமும்: தீவகத்துக் கிறிஸ்தவ எழுத்து பற்றி

காரைநகரைச் சைவ ஊர் என்றே சொல்வார்கள். ஈழத்துச் சிதம்பரம் இருக்கும் ஊரை வேறு எப்படிச் சொல்வது? ஆனால் துறைமுகத்தில் பாதைப் படகில் ஏறினால் சற்று நேரத்தில் ஊர்காவற்றுறை. அங்கே கத்தோலிக்கம் போர்த்துக்கேயர் காலத்துப் பழமை உடையது. பொன்னாலைப் பக்கம் தாம்போதியைக் கடந்தால் 1816இல் அமெரிக்க மிஷன் வந்திறங்கிய வலிகாமம். இந்த இரண்டுக்கும் நடுவே நின்று பார்த்தால், வீடு, ஊர், அடைக்கலம் பற்றி நம் கிறிஸ்தவர்கள் எழுதியதில் எது கனம், எது மெலிவு என்று தெரிகிறது.

இங்கே திருச்சபையே முதலில் தஞ்சம் கேட்டு நின்றது. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்தார் யோசேப் வாஸ் அடிகள். சில்லாலை மக்கள் அவரைத் தம் வீடுகளில் வைத்துக் காத்தார்கள். 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் வரலாறுகள் பெரும்பாலும் அவருடைய தவத்தை விரிக்கின்றன. தண்டனைக்குத் துணிந்து கதவைத் திறந்த குடும்பங்களுக்கு அவற்றில் சில வரிகள்தான்.

மிஷன் காலத்தில் கதவைத் திறக்கும் முறை திருச்சபைக்கு வந்தது. எமர்சன் டெனன்ற் 1850இல் வெளியிட்ட இலங்கைக் கிறிஸ்தவம் பற்றிய நூலில் ஒரு செய்தி உண்டு. மிஷன் விடுதியில் சேர்ந்த பிள்ளைகள் கிறிஸ்தவர் கூரையின் கீழ்ச் சாப்பிட மறுத்தார்களாம். பக்கத்துச் சைவக் காணியில் சமையற்கொட்டில் போட வேண்டியதாயிற்று. போட்டார்கள். பள்ளிக்கூடம் நிலைத்தது, சாதியும் கூடவே நிலைத்தது. அடுத்த நூற்றாண்டில், 1929ஐ ஒட்டி, பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று அரசு பணித்தபோது எழுந்த எதிர்ப்பில் பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின.

பேராயர் எஸ். ஜெபநேசனின் ஆய்வுகள் மிஷனின் கல்விப் பணியை நன்றாகவே துலக்குகின்றன. காரைநகரில் பிறந்த அலன் ஏபிரகாம் யாழ்ப்பாணக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, வால்வெள்ளி பற்றித் தமிழில் எழுதினார் என்றால் அந்தக் கல்விக்கும் அதில் பங்குண்டு. ஆனால் யார் அந்தப் பள்ளிக்கூட வாங்கில் இருக்க முடியாமற் போனார்கள் என்பதை நாவலாசிரியர் கே. டானியலிடம்தான் கேட்க வேண்டும். சாதியிலிருந்து விடுபடலாம் என்று நம்பி வேதத்துக்குப் போன பஞ்சமரின் கதை அவருடைய ‘கானல்’. யாழ்ப்பாணத் திருச்சபை மீதான மிகக் கூர்மையான விமர்சனம், என் கணிப்பில், ஒரு மார்க்சியரின் நாவலில்தான் இருக்கிறது. இறையியலாளர்கள் இதற்கு வெட்கப்பட்டால் நல்லது. தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் பிறந்த கரம்பன் இந்தத் தீவகத்தில்தான். உலகத்தை ஊராகப் பேசியவரைத் தந்த மண்ணில் ஊருக்குள் ஊர் இருந்தது.

போர்க்காலம் பற்றி எழுத்துக்குக் குறைவில்லை, இருக்கவும் கூடாது. 1991இல் காரைநகரே இடம்பெயர்ந்தது. 1995 ஜூலை 9இல் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் ஒதுங்கியவர்கள் மீது குண்டு விழுந்தது. 2006 ஆகஸ்ட் 13இல் அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்தவர்கள் எறிகணைக்குப் பலியானார்கள். பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகள் எஞ்சியவர்கள் ஊர்காவற்றுறைக்குப் போக உதவினார். ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 20இல், அவரும் உடன் போன ஒருவரும் காணாமற் போனார்கள். இன்றுவரை திரும்பவில்லை. வந்தவரை ஏற்றுக்கொள்வதற்குக் கொடுக்க வேண்டிய விலையை இதைவிட வெளிப்படையாகச் சொல்லும் நிகழ்வு நம் திருச்சபை வரலாற்றில் அரிது.

எனினும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. எறிகணைக்கு அஞ்சி ஓடிவந்தவருக்குக் கோவில் திறந்த கதை பெருமையோடு எழுதப்படுகிறது. அதே கோவிலில் அதற்கு முன் யார் எங்கே இருந்தார்கள், யாருக்குச் சேமக்காலையில் எந்த மூலை கிடைத்தது என்பது எழுதப்படுவதில்லை. முதலாவதில் குற்றவாளி வெளியே இருக்கிறார், இரண்டாவதில் நாமே இருக்கிறோம்.

தீவகத்துப் பங்குகளில் பழைய ஞானஸ்நான, சேமக்காலைப் பதிவேடுகள் எஞ்சியிருக்குமானால் அவற்றை ஆய்வாளருக்குத் திறந்துவிட வேண்டும். அந்த வாங்குகளை நேரில் கண்ட முதியவர்கள் சொல்வதையும் இப்போதே பதிவு செய்யுங்கள்.